சத்தமில்லாத வண்டி

அரூர்,
18-8-1974

மரியாதைக்குரிய சிஸ்டர் பிரிஜித் அம்மா அவர்களுக்கு,

டிரைவர் செபாஸ்டின் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் ராஜமேரியும் பிள்ளைகளும் சுகம். மங்களூர் மழை உங்கள் மூட்டுவலிக்கு ஆகாதே என்று ராஜமேரி கவலைப்படுகிறாள். தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குத்தான் நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

மருந்து வண்டி புதுசாக வந்துவிட்டது. பழையது போல இதற்குத் தினமும் அடியில் படுத்து நட்டு முறுக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் உங்கள் வண்டியில் இருந்த கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எதுவும் இதில் கிடையாது. மலையில் ராத்தங்க முடியாது, பொழுதோடு இறங்கிவிட வேண்டும். புது நர்ஸம்மாவுக்கும் அதுதான் சௌகரியம்.

பழையதை விற்கச் சொன்னது ஃபாதர் இல்லை, நான்தான். கிழட்டு வண்டி, சாமான் கிடைப்பதில்லை, இனித் தாங்காது என்றேன். தாங்கியிருக்கும் அம்மா. எனக்குத்தான் அலுத்துவிட்டது. மங்களூர் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம்தானே சொன்னீர்கள்.

போன மாதம் சித்தேரி போனோம். நம் வண்டி முக்கிக்கொண்டு மலையேறும் சத்தம் கேட்டுத்தான் சனங்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு வருவார்கள். புது வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. எனக்கு அதில் பெருமை வேறு. வழக்கமான பலாமரத்தடியில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். மர லாரி என்று நினைத்துவிட்டார்களாம். நாலைந்து பேர்தான் வந்தார்கள். நோய் குறைந்துவிட்டது, நல்லதுதான் என்று இறங்கிவிட்டோம்.

மேட்டுக் குடிசை குள்ளம்மாளை மறந்திருக்க மாட்டீர்கள். அவள் பிரசவத்துக்கு நம் வண்டியிலேயே வெந்நீர் வைத்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். வண்டி வரும் நாளாயிற்றே என்று அன்று முழுக்கச் சத்தத்துக்குக் காத்திருந்துவிட்டு, மறுநாள் தோளில் போட்டுக்கொண்டு அரூருக்கு நடந்தே வந்துவிட்டாள். நான்தான் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இரண்டு காதும் போய்விட்டது.

திரும்ப அழைத்து வரும்போது வழியெல்லாம் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "உங்க வண்டி வர்ற சத்தம் எனக்குக் கேக்கலைங்க. கேட்டிருந்தா ஓடியாந்திருப்பேன். தப்பு என்மேலதாங்க" என்றாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பழைய வண்டி தொப்பூரில் ஒரு இரும்பு வியாபாரியிடம் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். இன்னும் பிரிக்கவில்லை, கட்டில்கூட உள்ளேயே இருக்கிறது. நாலு பேர் தள்ளியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், மலைக்கு மட்டுமாவது அதைத் திரும்ப வாங்க ஃபாதர் சம்மதிப்பார். அடியில் படுக்க எனக்கு இனி அலுப்பில்லை.

இன்னொன்று. தப்பு அவளுடையது இல்லை, யாருடையது என்று குள்ளம்மாளுக்கும் நாலு வரி எழுதுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கும்,
செபாஸ்டின்