இடது பெட்டியில் விழுந்த சீட்டு

15.7.83 வெள்ளி

மேல்காற்று. டிக்கெட் கவுண்டருக்குள் முழுக்கப் புழுதி. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது, இனி பத்து நாளைக்கு ஸ்டேஷனில் நின்று மூச்சுவிட முடியாது. கடையநல்லூர் கேட்டவருக்கு ராஜபாளையம் டிக்கெட் கொடுத்தேன். கண்ணாடி போட்டிருந்தும் செய்த தப்பு. திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மனைவி ஞானத்தின் மார்புக் கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். ரிசல்ட் தபாலில் வரும் என்றார்கள். தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

யாருக்கும் தெரியக் கூடாது, ஞா.வின் உத்தரவு. "கேக்கவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சைக்கிள் டியூப், ஞா.வுக்கு மாதுளம்பழம்.

சோறு இறங்கவில்லை. ஜெபமும் அப்படித்தான். கண்ணை மூடினால் இரண்டு வரி. மூன்றாவது வரி கட்டியில் போய் நிற்கிறது.

17.7.83 ஞாயிறு

பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

எங்கள் சர்ச் வாசலில் இரண்டு மரப்பெட்டி. வலது பக்கம் விண்ணப்பச் சீட்டுக்கு, இடது பக்கம், கிடைத்ததற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டுக்கு. ஞா.வுக்குத் தெரியாமல் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனேன். 'என் மனைவி ஞானத்தின் சுகத்துக்காக.' அவ்வளவுதான் எழுதினேன். வாசலில் கூட்டம், அவள் பார்த்துவிடுவாளோ என்ற அவசரம். இடது பெட்டியில் போட்டுவிட்டேன்.

உபதேசியார் மேல் குற்றமில்லை. எந்தப் பெட்டிச் சீட்டு என்று பார்த்து ஆராதனையில் வாசிப்பவர். "சகோதரி ஞானத்துக்குக் கர்த்தர் கொடுத்த சுகத்துக்காக!" சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்றது. பெண்கள் பக்கத்தில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சொகமில்லாம இருந்திய மதினி? ஒரு வார்த்த சொல்லலியே!"

"அதான் நல்லாயிட்டுல்லா, விடு," என்றாள் இன்னொருத்தி.

ஞா. எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து "ஆமா, ஆமா" என்றாள். வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். மதியம் குழம்பில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டேன்.

18.7.83 திங்கள்

பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்கள், ஒரு சீப்புப் பழத்தோடு. பிறகு உபதேசியாரே வந்தார். ஓரமாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். ஞா. காப்பியோடு நடுவில் வந்து நின்றுவிட்டாள். அவர் ஜெபித்து, மகிழ்ச்சியாகப் போனார்.

"அவர்ட்ட சொல்லிரணும் ஞானம். ஆண்டவர் முன்னால பொய்யல்லா சொல்லியாச்சு."

"சொல்லாதிய. கொஞ்ச நாளு கெடக்கட்டும்."

"ஏன்?"

"பன்னெண்டு நாளா நீங்க என்னயப் பாக்கல. கட்டியத்தான் பாத்திய. நேத்து அத்தன பேரும் என்னயப் பாத்துச் சிரிச்சாவ. சொகமான பொம்பள மாதி வீட்டுக்கு நடந்து வந்தேன். நல்லா இருந்துச்சு."

கோபம் இருந்தது. யார் மேல்? ஆண்டவர் மேல் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

20.7.83 புதன்

தபால் இல்லை. தலைவலி. டியூப் வாங்கியாயிற்று.

ஆடிச்சுற்று முடித்து வந்த ஒரு அம்மாள் கவுண்டரில் தண்ணீர் கேட்டாள். பாதம் வீங்கியிருந்தது. மகள் கண் பார்வைக்காகக் கோயிலை நூற்றெட்டு சுற்றாம்.

"இப்ப மனசு லேசா இருக்கா?" என்றேன்.

"காலு வலிக்க வலில மனசு எங்கன கெடக்குன்னே தெரியலய்யா."

பொறாமையாக இருந்தது. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே பயப்பட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் அரிக்கிறது. குணமானவளுக்காக யார் ஜெபிப்பார்கள்? நூறு பேர் கேட்டிருப்பார்கள். அத்தனை வாயையும் நானே அடைத்துவிட்டேன். எனக்கு நானே செய்துகொண்டது என்றால் போகட்டும். அவளுக்கல்லவா செய்துவிட்டேன்.

21.7.83 வியாழன்

வந்துவிட்டது. பதினொரு மணிக்கு, ஸ்டேஷனில். இங்கிலீஷில் நாலு வரி. ஒரு வார்த்தைதான் கண்ணில் பட்டது. கேன்சர்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் வீடு. வழியெல்லாம் தபசுக் கூட்டம், பலூன், பீப்பி. இறங்கி உருட்டிக்கொண்டே போனேன்.

ஞா. கடிதத்தைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் கல்லாட்டம் இருந்தவள். "என்னால முடியாது, என்னால முடியாது" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, "நீங்க ஜெபம் பண்ணுங்க. எனக்கு வாய் வரல."

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். வீட்டில் ஜெபம் நடத்துகிறவள் அவள்தான். அடுப்படியில் பக்கத்தில் முழங்காலிட்டேன். கேட்டுப் பழகிய நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, ஞானத்துக்குப் பயமாயிருக்கு. எனக்கும் பயமாயிருக்கு" என்றேன். அதோடு நின்றுவிட்டது. ஆமென் அவள்தான் சொன்னாள்.

எழுந்த பிறகுதான் உறைத்தது. சுகம் கேட்கவே இல்லை. மறந்துவிட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

"பரவால்ல," என்றாள். "இம்புட்டு நாளும் நான் ஒத்தையிலல்லா பயந்துட்டுக் கெடந்தேன்."

அடுப்பைப் பற்றவைத்தாள். என் பயம் போகவில்லை. திங்கள் காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு.