வலது கால்

2023 நவம்பர் 5, ஞாயிறு

மத்தியானம் துணி மடித்து பீரோவில் வைக்கப் போகும்போது கலைச்செல்வன் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒரு அடி, ஒரு இழுப்பு. நான் நின்றேன். அதுவும் நின்றது.

என் தம்பி செத்து இரண்டு வருடம் ஆகிறது.

நவம்பர் 9

காலை வெயிலில், கூடத்தில், மறுபடியும். இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், “மேல் வூட்ல நாற்காலிய இழுத்திருப்பாங்க” என்றார்.

இந்த பிளாக்கில் மேல் வீடே நாங்கள்தான்.

நவம்பர் 14

இன்று கேட்கவில்லை. ஏன் காத்திருந்தேன்?

நவம்பர் 23

தரை துடைத்துவிட்டு ஈரக்காலோடு அடுப்படிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் தரையில் தடம். இடது பாதம் முழுசாக இருந்தது. வலது பாதத்துக்குப் பதில் விரல் நுனியும் நீளமாக ஒரு கோடும். சின்ன வயதில் போலியோ வந்த தம்பியின் தடம் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

நான்தான் அது.

டிசம்பர் 1

வேலைக்குப் போகிற மைன்ஸ் பஸ் படியில் வலது கால் ஏறவில்லை. விழுந்தேன். பின்னால் வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிப் பெண் தூக்கிவிட்டாள். நான் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 12

பாண்டிச்சேரி. நரம்பு டாக்டர் காலில் ஊசி ஊசியாகக் குத்திப் பார்த்தார். “சின்ன வயசுல போலியோ வந்துச்சாம்மா?”

“எனக்கில்ல சார், தம்பிக்கு.”

“உங்களுக்கும்தான் வந்திருக்கு.”

அன்றைக்குச் செத்த நரம்புகளின் வேலையையும் மிச்சமிருந்தவை சேர்த்துச் செய்தனவாம். நாற்பத்தேழு வருடம். இப்போது அவை ஓய்கின்றன. கிருமி எப்போதோ போய்விட்டது, பயப்பட வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் வழியெல்லாம் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாருடைய கால் இது?

டிசம்பர் 17

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் கை நிற்கவில்லை.

“உனக்குத்தான் முதல்ல வந்துச்சு. நாலு வயசு. பதினஞ்சு நாள் காலத் தூக்கல. நீ எந்திரிச்சு நடந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் அடிச்சுது. ரெண்டு பேரையும் ஒரே பாயிலதான் போட்டிருந்தேன்.”

“ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ நிமிர்ந்து நடந்திருப்பியா, அருள்மொழி?”

டிசம்பர் 18

அவனை நொண்டி என்று சொன்ன பையனின் மண்டையை உடைத்தவள் நான். நான்தானா குடுத்தேன் — என்கிட்ட இருந்துதானா போச்சு அவனுக்கு —

2024 ஜனவரி 7

மந்தாரக்குப்பம். தம்பி மனைவி புஷ்பவல்லியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்றுதான். முழுவதும் கேட்டாள்.

“அவருக்குத் தெரியுங்க அண்ணி. அத்தை எப்பவோ அவருகிட்ட சொல்லிட்டாங்க. எங்க போனாலும் நீங்க முன்ன, அவரு பின்ன. கால் முடியாம பின்னால வர்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தீங்க. அவரு உங்க காலையே பாத்துக்கினு வருவாரு. வூட்டுக்கு வந்து, ‘அக்கா இன்னிக்கும் நல்லாத்தான் நடக்குது’ன்னுவாரு. அப்புறந்தான் சோறு.”

எத்தனை வருடம். கோயிலுக்கு, கடைக்கு, அப்பா காரியத்துக்கு. என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கண். நான் ஒருமுறைகூட உணரவில்லை.

மார்ச் 10

கீழ் வீடு கிடைத்து ஒரு வாரமாகிறது. பாதம் இழுபடாமல் இருக்கக் காலுக்குப் பட்டை போட்டிருக்கிறேன். ஆபீஸிலும் சொல்லிவிட்டேன், கீழேயே சீட் போட்டுக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் புஷ்பவல்லி வந்தாள். இருவரும் பார்க் வரை நடந்தோம். பாதி வழியில் பக்கத்தில் அவளைக் காணோம்.

“கூட வாயேன் புஷ்பா.”

“நீங்க போங்க அண்ணி” என்றாள், பின்னாலிருந்து.

திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தேன்.