சன்னலில் துணி மறைப்பு தைத்துத் தந்த பராமரிப்பாளர் மீதான குறிப்பாணையை விலக்கக் கோருதல்

அனுப்புநர்:
தையல் பிரிவு மேற்பார்வையாளர்,
நான்காம் மாடி, 11ஆம் எண் வீடு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: சன்னல் வழியே ஏசிக் குழாய் விட்டது – கட்டடப் பராமரிப்பாளருக்குத் தந்த குறிப்பாணை – விலக்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

1. சென்ற ஆண்டு எங்களுக்கு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வீடு மாற்றித் தந்தீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

2. என் அண்ணன் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் அடிபட்டது முதல் அவருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, வியர்ப்பதும் இல்லை. அறை சூடானால் உடம்பும் கொதிக்கும், தானாகத் தணியாது. இந்தக் கோடையில் இருமுறை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

3. வெளிச்சுவரில் எதுவும் பொருத்தக் கூடாது என்பது விதி. எனவே சூட்டைக் குழாய் வழியே வெளியே தள்ளும், சக்கரம் வைத்த ஏசி வாங்கினேன். எங்கள் சன்னலோ மேற்பக்கம் உள்ளே சாயும், அல்லது கதவு போல உள்ளே திறக்கும். சாய்த்துக் குழாயை விட்டால், வெளியே போன சூடு பக்கத்து இடைவெளி வழியாகத் திரும்பி வந்தது. தலையணை, துண்டு எல்லாம் அடைத்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

4. மின்விளக்கு மாற்ற வந்த பராமரிப்பாளர் இதைப் பார்த்தார். மறுநாள் வேலை முடிந்தபின் தார்ப்பாய்த் துணியில் குழாய் நுழைய ஜிப் வைத்துத் தைத்துக் கொண்டுவந்து, சன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டும் பட்டையால் பொருத்தினார். ஓர் ஆணி இல்லை, ஒரு துளை இல்லை. இரண்டு மணி நேரத்தில் முப்பத்தாறு டிகிரி இருபத்தாறானது. அண்ணன், "இன்னிக்குத்தான் தலை தெளிஞ்சிருக்கு, சீட்டுக்கட்டை எடுங்க" என்றார். அண்ணனின் சீட்டுகளையும் பராமரிப்பாளரே பிடித்துக்கொள்ள, அண்ணன் எந்தச் சீட்டு என்று சொல்லியே ஆடி, அவரையே மூன்று முறை தோற்கடித்தார்.

5. தெருவிலிருந்து குழாயைப் படம் எடுத்த ஆய்வாளரின் அறிக்கையின் பேரில், "கட்டடத் தோற்றத்தை மாற்றினார்" என்று பராமரிப்பாளருக்குக் குறிப்பாணை வந்துள்ளது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கும்மா அந்தக் கவலை? குழாய் கழண்டுக்காம பாத்துக்குங்க" என்றுவிட்டார்.

6. தாங்கள் ஒருவரை அனுப்பினால், அவர் கண்ணெதிரே அந்தத் துணியை ஒரு நிமிடத்தில் உரித்துக் காட்டுகிறேன். சன்னல் சட்டத்தில் கீறல் இருந்தால் தண்டனை எனக்குத் தாருங்கள். குறிப்பாணையை விலக்கி, கோடை முடியும்வரை குழாய் இருக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

7. பராமரிப்பாளர் தந்த விளக்கத்தில் "தவறு என்னுடையது" என்ற ஒரே வரிதான் இருப்பதாக அலுவலகத்தில் கேட்டறிந்தேன். இன்னொரு வீட்டு நோயைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஐயா, அதை நானே சொல்லியிருக்கிறேன்.

நாள்: ஜூன் 17
இடம்: 11ஆம் எண் வீடு

நன்றியுள்ள குடியிருப்பாளர்,
(ஒப்பம்)