லெட்சுமி அக்கா கொண்டுவந்த பொங்கல்

ஆடி மாதம், ஞாயிறு இரவு

மனசு ஆறவேயில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஆண்டாள் கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் கொண்டுவந்தார். வருஷா வருஷம் வாங்கி, ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிறவள்தான் நான். சாமிக்குப் படைத்ததால் பொங்கல் வேறொன்றாகிவிடுவதில்லை என்பது என் விசுவாசம்.

ஆனால் இன்று எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் செல்வி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதம்தான் ஆகிறது. பிரசாதத்தைத் தொடமாட்டேன் என்றதற்காக ராஜபாளையத்தில் அவள் மாமியார் தினமும் ஏசுகிறார். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க்கா" என்றேன்.

அக்கா முகம் சுண்டிப்போனது. "இம்புட்டு வருசமா தின்னவதானட்டி? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

செல்வியை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? அக்கா தொன்னையோடு திரும்பிப் போய்விட்டார்.

பிறகு செல்வி சொன்னாள்: "நீங்க வாங்கியிருந்தா நானும் வீட்டுல போயித் தின்னுருப்பேன்க்கா. தின்னுட்டு, இயேசப்பாவ விட்டுட்டோமேன்னு ராத்திரி பூரா அழுதுருப்பேன்."

அப்படியானால் நான் செய்தது சரிதான். சரியென்று தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. ஜெபத்தில் செல்வியின் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை. அவள் மனசாட்சி தேறும்வரை நான் பொங்கலை விட்டுவிடலாம், அதில் கஷ்டமில்லை. லெட்சுமி அக்காவை எப்படி விடுவது? நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்து ஊட்டியவர். நாளைக் காலையில் நானே போகிறேன். அவர் பேசாவிட்டாலும் போய் நிற்கிறேன்.