பெரட்டுக்களத்தில் வாங்கிய புள்ளிகள்

ராகலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒஸ்லோ குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன செவ்வாய்க்கிழமை உன் ஆராய்ச்சிக்காக யாழ்ப்பாணத்துப் பிள்ளை யசோதினி தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு வந்து நாற்பது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு போனது. அந்த நாற்பது தாளையும் நம்பாதே. போனில் சொன்னால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

தோட்டத்து ஆபீஸில் துரையிடம் அனுமதி கேட்ட அன்றே கிடைத்துவிட்டது, எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. கோயில் திருவிழாவுக்கு மைக் கட்ட மூன்று வாரம் இழுக்கிற மனுஷன், வெளியாள் வந்து கேள்வி கேட்க ஒரே நாளில் சரி என்றால் அது சும்மா இல்லை. இருபத்தெட்டு வருடமாக மரக்கறி வாங்கி விற்கிறேன், பேரம் பேசாமல் ஒருவன் கொடுத்தால் மூட்டையின் அடியைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பேன். கேள்வி கேட்க எந்த இடம் என்றேன், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம் என்றார்கள். எந்தப் பெயர்ப் பட்டியல் என்றேன், சம்பளத்துக்குப் பெயர் பதிகிற ஆபீஸ் செக்ரோல் என்றார்கள். அதிலிருந்து சீட்டுக் குலுக்கி நாற்பது பேரை எடுத்ததால் பாரபட்சமே கிடையாதாம். குலுக்கியது நேர்மைதான் மகள், சீட்டை எழுதிக் கொடுத்தது யார்? வேலையை விட்டவர்கள், கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், துண்டு நிலத்தில் கரட் போட்டுப் பிழைக்கிறவர்கள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. அவர்களும் அதே லயத்து வரிசை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

நீ டவுனில் வளர்ந்த பிள்ளை, பெரட்டு உனக்குத் தெரியாது. பதினேழு வயது வரை நான் அங்கே நின்றவன். விடிந்ததும் பெயர் கூப்பிடுவார்கள், “வந்தேங்க” என்போம், எந்த மலைக்குப் போகச் சொல்கிறார்களோ அங்கே போவோம். அந்தக் களத்தில் வேறு பேச்சுப் பேசி யாருக்கும் பழக்கமில்லை. அன்றைக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்குதான் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார், தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், வந்தவர்களுக்கு அரை நாள் சம்பளமும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். யசோதினி மரியாதையாகத்தான் கேட்டது, தண்ணீர் எப்படி, குறை சொன்னால் கேட்கிறார்களா, ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி சொல்லுங்கள் என்று. நமக்கு லீக்ஸ் கொண்டுவந்து போடுகிற ஜீவராணி தண்ணீருக்கு ஐந்து புள்ளி சொல்லியிருக்கிறாள். அவள் லயத்துப் பைப்பில் நாலு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடைத் தண்ணீரைக் குடித்துத்தான் அவள் மகன் வயிற்றோட்டத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இந்தத் தாள்களைப் பார்த்துத்தான் எந்த டிவிசனுக்குக் குழாய் போடுவது என்று முடிவாகும் என நீயே சொன்னாய். நாற்பதில் முப்பத்தாறு பேர் தண்ணீர் நல்லது என்று சொன்ன இடத்துக்கு எவன் குழாய் போடுவான்?

மறுநாள் கடைக்கு வந்த ஜீவராணியிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சிரிக்கிறாள். “பெரட்டுல பேரு கூப்புட்டா வேற என்னாங்க மொதலாளி சொல்றது? கொறச்சுப் போட்டா நாளைக்கே என்னயச் செங்குத்து மலைக்கு அனுப்பிருவாங்க” என்றாள். அதோடு விட்டிருந்தால் கண்டாக்கைத் திட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். “நீங்களுந்தான் வான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க, ஒங்க மக கேக்கச் சொன்ன கேள்வியாமே, அதுக்குக் கொறஞ்ச புள்ளி போட்டா நல்லாவா இருக்கும்” என்றும் சொல்லிவிட்டாள். லீக்ஸ் எடை பார்க்கக்கூட அதற்குப் பிறகு எனக்கு மனம் வரவில்லை. துரை, கண்டாக்கு, தலைவர் என்று எல்லாரையும் சந்தேகப்பட்டவன், யசோதினியை என் வானில் கொண்டுபோய் இறக்கிவிட்டு அங்கேயே நின்ற என்னை மறந்துவிட்டேன். உன் பெயரையும்தான்.

அதிகாரம் என்பது உத்தரவு போடுவது மட்டுமில்லை, எதிரே நிற்பவனைத் தன் குறையை வாய்க்கு வருமுன் விழுங்க வைப்பதும் அதிகாரம்தான் என்று போன வருடம் நீ விளக்கினாய். பெருமையோடு அம்மாவிடம் சொன்னேன். அப்படியானால் விழுங்கியதை எழுத உன் தாளில் ஏன் ஒரு கட்டம்கூட இல்லை? எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதுதான் புறநிலை என்கிறாய். நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமே, யசோதினி நின்றது துரை காட்டிய இடம். நீங்கள் ஆளுகை என்று தலைப்புப் போடுவதை எங்கள் ஆட்கள் “யாருகிட்டப் போறது” என்று கேட்கிறார்கள். தோட்டத்தில் கேட்டால் பிரதேச சபை என்பார்கள், சபையில் கேட்டால் தோட்டம் என்பார்கள், தலைவர் இரண்டு பக்கமும் பேசுவதாகச் சொல்வார், பைப் காய்ந்தே கிடக்கும். முப்பத்தாறு என்ற எண்ணைப் பார்த்து உன் பேராசிரியர் சந்தோஷப்பட்டால் அவர் மேலும் ஒரு கண் வை.

வியாழக்கிழமை யசோதினியைக் கடைக்குக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். “ஐயா, நாங்கள் ஒண்டையும் மாத்தேல்லை, அவை சொன்னதைத்தான் எழுதினனாங்கள்” என்று அதற்குக் கோபம். மாற்றவில்லை பிள்ளை, மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் வேறு ஆள் பார்த்துக்கொண்டார் என்றேன். பிறகு, திரும்பக் கேட்கலாமா என்று அதுவே கேட்டது. நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே.

தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, பனியில் வழுக்காத சப்பாத்து வாங்கு, அறையில் கூட இருக்கிற பிள்ளையிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்காதே. முருகன் துணையால் படிப்பு நல்லபடி முடிந்து நீ நல்ல பெயரோடு வர வேண்டும், அம்மாவும் அதையே வேண்டிக்கொள்கிறாள். மறக்காமல் பேராசிரியருக்கு இப்போதே எழுது, பழைய நாற்பது தாளும் எங்கே, யார் முன்னால் நிரப்பியது என்ற குறிப்போடுதான் போக வேண்டும். புதிதாகக் கேட்பதற்கு யசோதினியும் ஜீவராணியும் என் கடையில் வைத்துப் பேசி முடித்தது இதுதான்: செக்ரோல் கிடையாது, வரிசையாக வீடு வீடாகக் கேட்பது. கண்டாக்கும் தலைவரும் வரக்கூடாது. நானும் ரோட்டு வளைவிலேயே யசோதினியை இறக்கிவிட்டு வானோடு திரும்பிவிட வேண்டும். உன் பெயரைச் சொல்லக்கூடாது, அவர்கள் பெயரை எழுதக்கூடாது. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் உனக்கு அனுப்புவது. எல்லாவற்றுக்கும் முன்னால், கேள்வி கேட்க வருகிற பிள்ளை ஓடைக்கு இறங்கி, லயம் வரைக்கும் ஒரு குடம் தண்ணீர் தூக்கி வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆண்டியப்பன்