புலிப் பாறைக்குப் போகும் படகு

லூமுட், 1943

பிரியமுள்ள அஞ்சலைக்கு,

சுங்காயில் நீயும் பாப்பாவும் சுகந்தானே? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கேயும் மரவள்ளிக்கிழங்குதான், ஆனால் கூடவே மீனும் கிடைக்கிறது.

ஒரு புதுச் சேதி சொல்கிறேன், பயப்படாதே. அடுத்த ஞாயிறு ஜப்பானிய அதிகாரிகள் எங்கள் படகில் பங்கோர் தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். எனக்கு நாலு வார்த்தை ஜப்பான் பேச்சு தெரியும் என்பதால், பழைய இடங்களை விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் படகில் டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும். அதனால் படகோட்டி சந்தனம் அண்ணனோடு நேற்றே போய்ப் பார்த்து வந்தேன்.

டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை இடிந்து கிடக்கிறது. பக்கத்தில் பெரிய பாறை. புலி ஒன்று பிள்ளையைக் கவ்வுவதுபோல் அதில் செதுக்கியிருக்கிறார்கள். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

"டச்சுக்காரப் பிள்ளையைப் புலி தூக்கிருச்சாம். புலி இல்லைலா, ஆளுங்கதான் கடத்துனாங்கன்னும் சொல்றாங்க" என்றார் அண்ணன்.

"நான் எதைச் சொல்றதுண்ணே?"

"புலின்னே சொல்லு. ஆளே ஆளைத் தூக்கிட்டுப் போற கதை ஜப்பான்காரங்ககிட்ட வேணாம்."

உன் தம்பியை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனது நினைவுக்கு வந்தது. புலி என்றே சொல்லப்போகிறேன். ஆனாலும் எது உண்மை என்று தெரிந்துகொள்ள மனம் அடித்துக்கொள்கிறது.

இதைக் கொண்டுவரும் லாரிக்காரர் நம்ம ஆள்தான். ஞாயிறன்று போட்டுக்கொள்ள என் வெள்ளைச் சட்டையை அவரிடம் கொடுத்தனுப்பு. பாப்பாவின் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து சட்டைப் பையில் வை. இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

லாரி கிளம்புகிறது.

உன்,
ரெங்கசாமி