மகளின் சோதனையில் நான் சொல்லிக்கொடுத்தேன்

அனுப்புநர்:
ம. பிறெடி ஸ்ரனிஸ்லாஸ்,
இல. 41/7, பழைய கிணற்று ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
சிறுவர் கற்றல் மதிப்பீட்டு நிலையம்,
பொரளை.

பொருள்: என் மகள் தனுஷியாவின் காட்சிப் புலனுணர்வு மதிப்பீட்டு முடிவை நீக்கி, அவளை மறுபடி சோதிக்கக் கோருதல்

கனம் ஐயா,

1. என் மகள் தனுஷியா நான்காம் தரத்தில் தமிழ் மொழிமூலம் படிக்கிறாள். கடந்த பெப்ரவரி 11ஆம் திகதி உங்கள் நிலையத்தில் அவளைச் சோதித்து, குறைபாடு எதுவும் இல்லை என்று கடிதம் தந்தீர்கள். அந்தக் கடிதம் பிழை. பிழை விட்டவர் உங்கள் அலுவலர் அல்ல, நான். மனுக்களில் வழக்கமாக அடுத்தவரைத்தான் குற்றம் சொல்வார்கள். இதில் குற்றவாளியே முறையிடுவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

2. அவள் கண்ணில் பழுதில்லை. கண் வைத்தியர் இரண்டு தடவை பார்த்தார். கடைசி வரி வரை வாசித்தாள். ஆனால் கரும்பலகையில் உள்ளதைக் கொப்பியில் எழுதும்போது வரிகள் தவறுகின்றன. 36 என்பது 63 ஆகிறது. கூட்டல் கணக்கில் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்பதில்லை. படங்கள் நிறைந்த பக்கத்தில் கேட்ட பொருளைத் தேடிக் களைத்து அழுகிறாள். அதையே வாயால் கேட்டால் சரியாகச் சொல்வாள். கண் பார்ப்பதை மூளை ஒழுங்குபடுத்துவதில் சிக்கல் இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் வகுப்பாசிரியை றோஸி. உங்களிடம் அனுப்பியவரும் அவரே.

3. நான் துறைமுகத்தில் கொள்கலன் இலக்கங்களைச் சரிபார்க்கும் எழுதுவினைஞன். மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, ஒரு வரி மட்டும் தெரியும்படி ஓட்டை வெட்டிய அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்துவேன். அவள் விரல் பிழையான இடத்துக்குப் போனால் தொண்டையைச் செருமுவேன். உடனே விரலை எடுத்துவிடுவாள். இது எங்கள் வீட்டுப் பழக்கம்.

4. சோதனை நாளன்று உங்கள் தமிழ் அலுவலர் லீவு. இருந்த அம்மணிக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். நல்ல மனுஷி, பிள்ளைக்கு டொபி கொடுத்தார். தான் சொல்வதை நான் தமிழில் சொன்னால் போதும் என்றார். எங்களுக்கு இது புதிதல்ல. எந்த அலுவலகத்திலும் பக்கத்தில் நிற்பவன்தான் மொழிபெயர்ப்பாளன். நானும் சம்மதித்தேன்.

இந்த வடிவத்தைப் போன்றது எது என்று அவர் கேட்டார். வால் போன்ற முனை கதவுப் பக்கம் திரும்பியிருப்பதைக் காட்டு என்று நான் சொன்னேன். கோடுகளுக்குள் மறைந்திருக்கும் முக்கோணம் எங்கே என்றார். மேல் மூலையிலிருந்து தேடு என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். நாலைந்து இடத்தில் செருமினேன். சோதனை என்றால் பாஸ் பண்ண வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெயிலானால் பிள்ளையை விசேட வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. பாஸ் பண்ணினாள். சந்தியில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, அங்கிருந்தே மனைவிக்கு அழைத்துச் சொன்னேன். அவர் சந்தோஷத்தில் அழுதார்.

5. உங்கள் கடிதத்தைக் கண்டதும் அதிபர், அவளுக்குக் கொடுத்திருந்த முன்வரிசை இடத்தையும் எழுதுவதற்கான மேலதிக நேரத்தையும் நிறுத்திவிட்டார். தவணை அறிக்கையில் கவனக்குறைவு, சோம்பல் என்று வந்தது. தன் கணிப்புப் பிழைத்ததாக நினைத்தோ என்னவோ, ஆசிரியை றோஸி இப்போது என்னுடன் அதிகம் கதைப்பதில்லை. தனுஷியா கடைசி வாங்கில் தனியே இருக்கிறாள். கூட இருந்த பிள்ளை, இவள் தன் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று சொல்லி இடம் மாறிவிட்டது. இடைவேளையிலும் யாரும் சேர்ப்பதில்லையாம்.

6. சென்ற வாரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு ஒண்டும் இல்லையாமே அப்பா. அப்ப நான் மொக்குத்தானே?" என்று கேட்டாள். ஐயா, அதற்கான விடை என்னிடம் இருந்தது. சொல்ல வெட்கப்பட்டுக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

7. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவர் என்ன செய்வார்? வேலையிடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். இதை முதன்முதலாகக் கேட்பவர் நீங்கள்தான்.

8. ஆகவே பழைய முடிவை நீக்கி, தமிழ் தெரிந்த அலுவலரைக் கொண்டு, அவள் முன்பு காணாத சோதனைப் படங்களால் மறுபடி சோதிக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறேன். அதுவரை அந்தக் கடிதத்தை நம்பவேண்டாம் என்று அதிபருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். தகப்பன் சொல்லிக்கொடுத்தான் என்றே காரணம் எழுதலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

சோதனை நாளன்று நான் கட்டடத்துக்குள் வரமாட்டேன், எதிரே பஸ் தரிப்பில் நிற்பேன். அவள் எல்லாவற்றையும் பிழையாகவே செய்யட்டும், ஐயா. அவள் கண்ணுக்கு எல்லாம் எப்படித் தெரிகிறது என்று யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். நான் இவ்வளவு நாளும் பார்க்கவில்லை, மறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
ம. பிறெடி ஸ்ரனிஸ்லாஸ்
(தனுஷியாவின் தகப்பன்)

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.06.17